தண்ணீர் புகும் பூச்சு

திங்கள். பகலில் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் இரும்புச் சாமான்களுக்குப் பெயின்ட் பூசும் வேலை, மாலையில் டிப்ளமோ வகுப்பு. இரண்டிலும் என்னோடு இருப்பவன் சாம்சன். எங்கள் புராஜெக்ட் துத்தநாக பேட்டரி. உள்ளே இருப்பது தண்ணீர்க் கரைசல். சார்ஜ் ஏற ஏறத் துத்தநாகத் தகட்டில் முள் முளைத்து, நடுவில் உள்ள காகிதத்தைக் குத்தி, செல்லைக் கொன்றுவிடும். அதைத் தடுக்கத் தகட்டுக்கு ஒரு பூச்சு வேண்டும்.

கம்பெனிப் பழக்கத்தில், பொட்டு ஈரமும் புகாதபடி கெட்டியாகப் பூசினோம். எந்தச் செல்லிலும் மின்சாரமே ஓடவில்லை.

“சனிக்கிழமைக்குள்ள உங்க செல், பூச்சு இல்லாத செல்லைவிட அதிக நேரம் ஓடிக் காட்டணும். இல்லன்னா தலைப்ப மாத்திடுங்க” என்றார் எங்கள் புராஜெக்டைக் கவனிக்கும் சந்திரமோகன் சார். அந்தத் தலைப்பைப் பிடிவாதமாகக் கேட்டு வாங்கியவள் நான்.

செவ்வாய். பெயின்ட் தண்ணீரைத் தடுக்க வேண்டும். ஆனால் இங்கே துத்தநாகம் கரைசலுக்குள் போய்த் திரும்ப வேண்டும். நாங்கள் வாசலையே செங்கல் வைத்து அடைத்துவிட்டோமோ? சந்தேகத்தோடுதான் வெள்ளைக் களிமண்ணைப் பசையில் குழைத்து மெல்லிசாகப் பூசச் சொன்னேன். காய்ந்ததும் சாம்சன் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டான். உறிஞ்சிக்கொண்டது.

“இன்னா சோனியா, தண்ணி உள்ள போவுது! கம்பெனில இப்டி பூசினா சூப்பர்வைசரு நம்மளயே டேங்க்ல முக்கிடுவாரு.”

“போவணும்பா. அதான் வேணும்.”

“தெரிஞ்சிதான் சொல்றியா?”

“தெரியல. நீ பூசு.”

அன்றிரவே எங்கள் செல்லையும் பூச்சு இல்லாத ஒரு செல்லையும் ஒன்றாக ஓடவிட்டோம்.

சனி. பூச்சு இல்லாத செல் நேற்றே செத்துவிட்டது. எங்களுடையது ஓடிக்கொண்டிருந்தது. நான் நம்பவில்லை. ஒயரை மாற்றினேன். மீட்டரைச் செத்த செல்லில் வைத்துப் பார்த்தேன், சரியாகத்தான் காட்டியது. சார் வேறு மீட்டர் கொண்டுவந்து, மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு குனிந்தார்.

“ஓடுதும்மா” என்றார்.

சாம்சன் வராந்தாவுக்குப் பாய்ந்தான். “டேய், எல்லாரும் வாங்கடா! எங்க களிமண்ணு ஓடிக்கினே கீது!”

மொத்த வகுப்பும் மேசையைச் சூழ்ந்தது. யாரோ விசில் அடித்தார்கள்.

“தலைப்பு உங்களுதுதான். உள்ள முள் முளைச்சிருக்கான்னு பிரிச்சுப் பாத்துடலாமா?” சார் செல்லை நோக்கிக் கை நீட்டினார்.

“தொடாதீங்க சார்!” என் குரல் எனக்கே பெரிதாகக் கேட்டது. “இன்னும் ஓடும்.”

சார் சிரித்துக்கொண்டே கையை இழுத்துக்கொண்டார்.