ஆளில்லாமல் இறங்கிய பை

“அது குண்டு இல்லைங்க சார், குக்கருங்க. உள்ளார ராகி மாவும் மொளகும் கட்டி வெச்சிருக்குதுங்க.”

சேலம் பஸ் ஸ்டாண்டிலிருந்து பேசிய போலீஸ்காரர், அதை ஏன் ஆளில்லாமல் அனுப்பினீர்கள் என்று கேட்டார். சின்னையனுக்கு அந்தக் கேள்வியே விளங்கவில்லை. மலைமேல் இருக்கும் அவர் ஊரான மஞ்சக்குட்டையில் பைகள் ஆளோடு போகிற வழக்கமே கிடையாது. போன் நம்பரை எழுதிக் கண்டக்டர் சீட்டுக்கடியில் வைத்துவிட்டால் பை தன் பாட்டுக்கு மலையிறங்கிப் போகும். வேண்டியவர்கள் கீழே வாங்கிக்கொள்வார்கள். இன்றைக்கு வந்த கண்டக்டர் புதியவர். பையைப் பிளாட்பாரத்தில் வைத்துவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார். வடக்கே ஒரு சந்தையில் குண்டு வெடித்துப் பத்து நாள்தான் ஆகிறது. யாரோ பையைத் தொட, கனமாக, உருண்டையாக ஏதோ தட்டுப்பட, சுற்றிலும் கயிறு கட்டியாயிற்று.

அந்தப் பத்து நாளும் சின்னையன் மகளிடம் முகங்கொடுத்துப் பேசவில்லை. கவிதாவுக்கு டெல்லி ஆஸ்பத்திரி ஒன்றில் நர்ஸ் வேலை கிடைத்திருந்தது. இன்று மாலை ரயில். குண்டு வெடிக்கிற ஊருக்குப் போகாதே என்று அவர் சொல்ல, போகத்தான் போகிறேன் என்று அவள் சேலத்திலிருக்கும் தோழி வீட்டுக்கு இறங்கிவிட்டாள். குக்கர் அனுப்பியது அவர் மனைவி கண்ணாயி.

“புள்ளய அங்க குண்டு வெடிக்கும்னு போவ வேண்டாம்னீங்க. இப்ப உங்க நம்பருதானுங்க குண்டு மேல இருக்குது,” என்றாள், சிரிப்பை முந்தானைக்குள் வைத்துக்கொண்டு.

போலீஸ்காரர் வீடியோ காலில் வந்தார். மோப்ப நாய் பையை ஒரு சுற்றுச் சுற்றி, மிளகு நெடியில் இரண்டு தும்மல் போட்டுவிட்டு விலகிப் போயிற்று. அதற்குள் பையை வாங்கக் கவிதா வந்துவிட்டாள். அவளையே திறக்கச் சொன்னார்கள். கூட்டம் பின்வாங்கியது. அவள் மூடியில் கை வைத்தபோது, உள்ளே இருப்பது ராகி மாவு என்று எல்லோரையும்விட நன்றாகத் தெரிந்த சின்னையன் கண்களை இறுக மூடிக்கொண்டார்.

சிரிப்புச் சத்தம் கேட்டுத்தான் திறந்தார். போனுக்குள் மகள் முகம் பெரிதாகத் தெரிந்தது.

“அப்பா, கண்ண மூடிட்டீங்களா?”

“ஆமா சாமி,” என்றார். சொந்த வீட்டு மாவுக்கே நடுங்கியவன் டெல்லியைப் பற்றி என்ன சொல்வது என்று அவருக்கே சிரிப்பு வந்தது. பத்து நாளில் முதல் சிரிப்பு. கண்ணாயி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கவிதா கூட்டத்தைவிட்டு ஓரமாக நகர்ந்து, குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

“ஏழு மணிக்கு ரயிலுங்கப்பா. ரெண்டு மணி பஸ்ஸப் புடிச்சா வந்தரலாம். நீங்க வந்து என்னய ரயிலேத்தி உடுறீங்களா?”