வெட்டிய சிங்கு சீன்

1

விழா மலர் ஒன்றுக்குக் கட்டுரை கேட்டிருந்தார்கள். இந்துக்களுக்கும் சீக்கியர்களுக்கும் நடுவே விழுந்த காயத்தைச் சினிமா ஆற்றுமா என்று எழுத வேண்டும். 'கொட்டகை இருட்டில் மதம் இல்லை' என்று தொடங்கி ஒரு பக்கம் ஓட்டினேன். படித்துப் பார்த்தால் எனக்கே பொய்யாகப் பட்டது. இருட்டில் இல்லாதது விளக்குப் போட்டதும் எங்கிருந்து வருகிறதாம்? கிழித்துப் போட்டேன். அதற்குப் பதிலாகத்தான் இந்தக் கதை. இதில் வரும் யாக்கோபை நான் பார்த்ததே இல்லை, வேண்டியிருந்தது, உண்டாக்கிக்கொண்டேன்.

2

யாக்கோபு பிள்ளைப்பாக்கம் டூரிங் டாக்கீஸில் ஆபரேட்டர். மனைவி மரகதம் இறந்த பிறகு அவருக்கு மிஞ்சிய துணை இரண்டு. ஒன்று, அடிக்கடி மக்கர் பண்ணும் புரொஜெக்டர். இன்னொன்று, நெடுஞ்சாலையோரம் லாரிப் பட்டறை வைத்திருந்த குர்பச்சன் சிங்.

1984இல் இந்திரா காந்தியை அவருடைய சீக்கியக் காவலர்கள் சுட்டுக் கொன்றார்கள். அதற்குப் பழியாக டெல்லியில் சீக்கியர்களைத் தேடித் தேடிக் கொளுத்தினார்கள். குர்பச்சனின் தம்பி அதில் போனான். இவர் தெற்கே வந்துவிட்டார். முதல் ஆட்டத்துக்குத் தவறாமல் வருவார். தலைப்பாகை மறைக்குமே என்று மணலில் கடைசி ஆளாக உட்காருவார். படம் விட்டதும் யாக்கோபும் அவரும் டீ குடிப்பார்கள். அதிகம் பேச்சு இருக்காது.

(குர்பச்சனை 'நம்பள்கி, நிம்பள்கி' என்று பேசவைக்கக் கை அரித்தது. நம் சினிமா பழக்கிவிட்ட புத்தி. இத்தனை வருஷம் இங்கே இருந்தவர் இந்த ஊர்த் தமிழே பேசட்டும்.)

3

1991, மே மாதம். ஸ்ரீபெரும்புதூரில் குண்டு வெடித்து, இந்திராவின் மகன் ராஜீவ் காந்தி இறந்தார். யார் செய்தது என்று தெரியாத முதல் நாள்களில், டீக்கடையில் ஒருவர், "ஆத்தாளக் கொன்னவனுங்கதான் புள்ளையையும்..." என்று ஆரம்பித்தார். குர்பச்சன் வருவதைப் பார்த்ததும் டீயை வாயில் கவிழ்த்துக்கொண்டார். அந்த வாக்கியத்தை நானும் முடிக்கப் போவதில்லை.

குர்பச்சன் பட்டறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டார். அப்போது ஒரு கும்பல் தீப்பந்தத்தோடு

(அடித்துவிட்டேன். கும்பல் வரவில்லை. நலம் விசாரிக்கவும் ஒருவர் வரவில்லை, யாக்கோபைத் தவிர.)

பிறகு பேப்பரில் வேறு ஆட்களைத் தேடுவதாகச் செய்தி வந்தது. ஊர் நிம்மதியாக அடுத்த பேச்சுக்குப் போனது. கொட்டகையும் திறந்தது.

"படம் ஓட்றோம் சிங்கு. வா."

"நான் வடக்கயே கெளம்புறேன் யாக்கோபண்ணே. சாமான் ஏத்த லாரி சொல்லிட்டேன். ராத்திரி வருது."

"அங்க யாரு கீறாங்க ஒனக்கு?"

"இங்க யாரு கீறாங்க?"

யாக்கோபுக்குச் சுருக்கென்றது. "நான் இன்னா, செத்தா பூட்டேன்? ஒரே ஒரு ஆட்டம் பாரு. அப்பால போறதுன்னா போ."

"படத்துல எங்காளு வர்றானா?"

வந்தான். நகைச்சுவைக்கென்று ஒரு சர்தார். அசட்டுத்தனமாக எதையோ செய்து அடிவாங்கி ஓடுவான். கொட்டகை உருண்டு சிரிக்கும்.

"இல்ல" என்றார் யாக்கோபு.

4

ஆட்டத்துக்கு முன் அந்தத் துண்டைக் கத்தரித்து எடுத்துவிட்டு முனைகளை ஒட்டினார். இங்கேயே முடித்திருந்தால் விழா மலருக்கே அனுப்பியிருக்கலாம்.

முதல் முடிவு: குர்பச்சன் படம் பார்க்கிறார், கண் கலங்குகிறார், லாரியைத் திருப்பி அனுப்புகிறார். சுபம்.

ஆனால் யாக்கோபு ஒன்றை மறந்துவிட்டார். குண்டு வெடிப்பதற்கு முன்பு, குர்பச்சன் வெளியூர் போயிருந்த வாரத்தில், அதே படம் அங்கே ஓடியது. ஜனங்களுக்கு அது மனப்பாடம்.

5

சர்தார் வரவேண்டிய இடத்தில் படம் ஒரு குதி குதித்து அடுத்த காட்சிக்குப் போனது. விசில் பறந்தது.

"யோவ் ஆபரேட்டரு! சிங்கு சீனு எங்கய்யா?"

"சிங்கக் காட்டுயா!"

கொட்டகை முழுக்கக் கைதட்டிக்கொண்டு அதையே கத்தியது. கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை.*

யாக்கோபு பதறிப்போய் விளக்கைப் போட்டார். அது இன்னும் மோசம். ஆபரேட்டரைத் திட்டப் பின்னால் திரும்பிய அத்தனை பேரும், ஆபரேட்டர் அறைக்குக் கீழே குர்பச்சன் எழுந்து நிற்பதைப் பார்த்தார்கள். சத்தம் அடங்கிவிட்டது.

*இந்த வரியைப் பலமுறை அடித்து, திரும்ப எழுதினேன். உண்மைதான் அது. அதனால்தான் வலிக்கிறது.

6

இரண்டாம் முடிவில் ஒருவர் எழுந்து மன்னிப்புக் கேட்டார். நன்றாகத்தான் பேசினார், என் குரலில். எடுத்துவிட்டேன்.

மூன்றாவதில் குர்பச்சன் வெளியே போகிறார், லாரி கிளம்புகிறது, யாக்கோபு தனியாக டீ குடிக்கிறார். அதை எழுத எனக்கு மனம் வரவில்லை.

ஆகவே குர்பச்சன் இன்னும் நின்றுகொண்டிருக்கிறார். பட்டறை வாசலில் லாரி வந்துவிட்டது. யாராவது அவரிடம் ஒரு வார்த்தை பேசும்வரை யாக்கோபு படத்தை ஓட்டமாட்டார். மணலில் உட்கார்ந்திருப்பவர்களில் நீங்களும் ஒருவர். சற்றுமுன் கைதட்டினீர்களா என்று கேட்கமாட்டேன். அவர் உங்களைத்தான் பார்க்கிறார்.

என்ன சொல்லப் போகிறீர்கள்?