ஜோவிட்டாவுக்கு வேண்டியவை

பதினோராவது கரடிப் பொம்மையைப் பரண்மேல் ஏற்றிவிட்டு ஏணியிலிருந்து இறங்கும்போதே ஷெரின் முடிவு செய்துவிட்டாள். இனி இந்த வீட்டுக்குள் கரடி வராது.

மகள் ஜோவிட்டாவின் நாலாவது பிறந்தநாளுக்கு வந்தவர்கள் விட்டுப்போன செல்வம் அது. கரடிகள் போக, எந்தக் கட்டையைத் தட்டினாலும் ஒரே பாட்டைப் பாடும் பியானோக்கள் இருந்தன. தலை நுழைந்தால் கை நுழையாத கவுன்கள் இருந்தன. இப்படிச் சேர்ந்ததைக் கழிக்கக் கம்பம் பள்ளத்தாக்கில் ஒரு வழி உண்டு. மேல்தாளை மட்டும் மாற்றி அடுத்த வீட்டு விசேஷத்துக்குக் கொடுத்துவிடுவது. ஷெரினும் ஒரு பியானோவை அப்படி அனுப்பிப் பார்த்தாள். அது சின்னமனூரில் தொடங்கி, உத்தமபாளையம், கம்பம், கூடலூர் என்று உறவுக்காரர் வீடெல்லாம் தங்கி, குளிர் விடுவதற்குள் அவளிடமே திரும்பி வந்தது.

ஷெரின் போடியில் ஓர் ஏலக்காய்க் கம்பெனியில் கணக்கு எழுதுகிறவள். என்ன சரக்கு, யாருக்கு என்று எழுதாமல் அங்கே ஒரு மூட்டை நகராது. ஐந்தாவது பிறந்தநாள் நெருங்கியதும், பரிசுப் பட்டியல் போடுவதற்கென்றே இருக்கும் ஓர் இணையப் பக்கத்தில் உட்கார்ந்து, 'ஜோவிட்டாவுக்கு வேண்டியவை' என்று தலைப்பிட்டாள். செருப்பு, மழைக்கோட்டு, கம்பளிப் போர்வை, பள்ளிக்கூடப் பை, டிபன் பாக்ஸ், படக்கதைப் புத்தகங்கள், பக்கச் சக்கரம் வைத்த சைக்கிள் என்று வரிசை போனது. ஒவ்வொன்றுக்கும் அளவு எழுதினாள். கீழே விதியும் எழுதினாள்: ஒரு பொருளுக்கு ஒருவர்தான், எடுத்தவர் அதற்கு நேராகத் தம் பெயரைப் பதிய வேண்டும், பட்டியலில் இல்லாதது எதுவானாலும் அங்கன்வாடிக்குப் போகும்.

இதையும் அழைப்பிதழையும் குடும்ப வாட்ஸப் குழுவில் போட்ட மறுநிமிடம் மாமனார் அந்தோணிமுத்து கூடத்துக்கு வந்து நின்றார்.

அந்தோணிமுத்து ஓய்வு பெற்ற தலைமையாசிரியர். ஓய்வு அரசாங்கம் கொடுத்தது, அவர் வாங்கிக்கொள்ளவில்லை. வீட்டில் உப்புக் குறைந்தாலும் காலை வழிபாட்டுக் கூட்டத்தில் பேசுவதுபோலத்தான் பேசுவார்.

"அம்மாடி, அன்பளிப்பு என்பது தானாகக் கனிந்து விழும் கனி. அதை உலுக்கிப் பறிக்கலாகாது."

"விழுந்தது பூராவும் கரடியால்ல இருக்கு மாமா."

"கேட்டு வாங்குவது நம் குடும்பத்தில் இல்லாத பழக்கம். என் அப்பா கேட்டதில்லை. நான் கேட்டதில்லை."

இதைச் சொன்னவர், கோவில் திருவிழா நன்கொடைப் பலகையில் தன் பெயர் இரண்டாவது வரிக்கு இறங்கிவிட்டது என்று பங்குச் சாமியாரை மூன்று தடவை போய்ப் பார்த்தவர். ஷெரின் அதைச் சொல்லவில்லை. சொல்லாமல் வைத்திருப்பவை அவளிடம் நிறைய இருந்தன.

அவளுடைய கணவன் ஜஸ்டினுக்குப் பழனிசெட்டிபட்டியில் சொட்டுநீர்ப் பாசனக் குழாய்க் கடை. வீட்டிலும் அவன் பேச்சு சொட்டுச் சொட்டாகத்தான் வரும்.

"என்னங்க, நீங்க என்ன சொல்றீக?"

"பாப்போம்," என்றான். அன்றைக்கு அவ்வளவுதான் சொட்டியது.

ஜஸ்டினின் அக்கா அருள்செல்வி ஆண்டிபட்டியிலிருந்து போனில் வந்தாள். "ஏத்தா ஷெரினு, எங்க தம்பி பிள்ளைக்கு ஒரு செருப்பு வாங்கிப் போட வக்கில்லாமலா இருக்கான்? ஊரு சிரிக்காதா?"

"வக்கிருக்கு மதினி. எப்படியும் ஏதோ ஒண்ணு கொண்டாரப் போறீக. ஆகுறதக் கொண்டாங்கன்னு சொல்றேன்."

"போர்வ வேற! குளிருல கெடந்து நடுங்குதா பிள்ள?"

போன் வைக்கப்பட்டது. ஒரு வாரம் போயும் பட்டியலில் ஒரு பெயரும் ஏறவில்லை. அழைப்பிதழுக்குக் கைகூப்பியவர்கள், பட்டியலைப் பார்த்த கையோடு குழுவில் மௌனமாகிவிட்டார்கள். வெள்ளிக்கிழமை இரவுச் சாப்பாட்டின்போது அந்தோணிமுத்து தீர்ப்பு எழுதினார்.

"ஞாயிற்றுக்கிழமைக்குள் ஒரு பெயராவது பதிவாக வேண்டும். இல்லையென்றால் பட்டியலை எடுத்துவிட்டு, தவறு என்னுடையது என்று நீயே குழுவில் எழுத வேண்டும்."

ஷெரின் சோற்றைப் பிசைவதை நிறுத்தினாள். இந்த வீட்டுக்கு வந்து ஏழு வருஷத்தில் அவள் தணிந்துபோன இடங்கள் கொஞ்சமில்லை. போடியில் வீடு பார்க்க வேண்டாம் என்றார்கள், சரி என்றாள். பிள்ளைக்கு அவள் வைக்க நினைத்த பெயரைக்கூட விட்டுக்கொடுத்தாள். இதற்கும் எழுத்தில் மன்னிப்புக் கேட்டால், நாளைக்கு இந்த வீட்டில் உப்பு வாங்கவும் அவள் சொல் எடுபடாது.

"சரி மாமா. ஏறிருச்சுன்னா?"

"ஏறாது."

"ஏறிருச்சுன்னா அதுக்கப்புறம் இதப் பத்தி யாரும் வாயத் தொறக்கக் கூடாது."

அந்தோணிமுத்து சிரித்தார். முப்பது வருஷம் மாணவர்களைப் பார்த்துச் சிரித்த அதே சிரிப்பு.

இதற்கிடையே அருள்செல்விக்கு வயிறு எரிந்தது ஆறவில்லை. நியாயம் கேட்பதற்காக அந்தப் பட்டியலை மட்டும் தன் பிறந்த ஊரான சூசைபுரத்தின் அன்பிய வாட்ஸப் குழுவுக்குத் தள்ளிவிட்டாள். தெருத் தெருவாகக் கூடிச் செபமாலை சொல்கிறவர்களின் குழு அது. அழைப்பிதழை அனுப்ப மறந்துபோனாள். அந்த வாரம்தான் மழையில் சில கூரை வீடுகள் சரிந்து, உதவி கேட்டுப் பட்டியல்கள் ஒன்றன்பின் ஒன்றாக அந்தக் குழுவில் வந்துகொண்டிருந்தன. அந்த வரிசையில் இதுவும் வந்து நின்றது: ஜோவிட்டாவுக்கு வேண்டியவை. வயது ஐந்து. செருப்பு, மழைக்கோட்டு, கம்பளிப் போர்வை. படித்தவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். பட்டியலில் இருந்த சைக்கிளைப் பார்த்த ஒருவர் மட்டும், பாவம், பள்ளிக்கூடம் தூரம்போல என்று எழுதினார்.

ஞாயிறு பூசை முடிந்து ஷெரின் இட்லி ஊற்றிக்கொண்டிருந்தபோது வாசலில் ஆட்டோ நின்றது. முதலில் ஒரு பிளக்ஸ் பேனர் இறங்கியது. அடுத்து ஓர் அரிசி மூட்டை. கடைசியாக, கையாள் பையன் ஒருவனோடு பங்கு உதவிச் சபைத் தலைவர் ஜெபமணி இறங்கினார்.

ஜெபமணி உதவி செய்யாத நாள் உண்டு. போட்டோ எடுக்காத உதவி கிடையாது. அவர் வைத்திருந்த பேனரில் 'நலிந்த குடும்பத்துக்கு நல்லுதவி' என்று இருந்தது. ஓரத்தில் புனித அந்தோணியார் சிறியதாக நின்றார். நடுவில் ஜெபமணி பெரியதாகச் சிரித்தார்.

"வாத்தியாரே," என்று கூடத்துக்குள் வந்தவர், அந்தோணிமுத்துவின் தோளில் கை வைத்துக் குரலைத் தணித்தார். "ஒரு வார்த்த சொல்லப்படாதா? குழாய்க் கடை இப்படிப் படுத்துருச்சுன்னு எங்களுக்கு யாரு சொன்னா?"

அந்தோணிமுத்து வாயைத் திறந்தார். அதற்குள் ஜெபமணி அவர் முதுகைத் தட்டிக்கொடுத்தார்.

"கூச்சப்படாதீக. எல்லா வீட்லயும் வாரதுதான். ஏலே கிங்ஸ்லி, பேனரப் பிடி. வாத்தியாரு இந்தப் பக்கம், மூட்ட நடுவுல. சிரிக்க வேணாம் வாத்தியாரே, லேசாத் தலையக் குனிஞ்சாப் போதும்."

ஜன்னலுக்கு வெளியே தெரு கூடிவிட்டது. ஜஸ்டின் பின்வாசல் வழியாகப் போவதா, குளியலறைக்குள் போவதா என்று யோசித்து, இரண்டுக்கும் நடுவில் நின்றான். அந்தோணிமுத்து மருமகளைப் பார்த்தார். எழுதிவிடு, மன்னிப்பை எழுதி இவர்களை அனுப்பிவிடு என்று அந்தப் பார்வை கெஞ்சியது.

ஷெரின் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள்.

"வாங்கய்யா. உக்காருங்க. பட்டியலப் பாத்தா வந்திருக்கீக?"

"பாத்தேன் தாயி. தூக்கமே வரல."

"என்னென்ன கொண்டாந்திருக்கீக?"

"செருப்பு, போர்வ, பையி. அரிசி நம்மளா சேத்தது."

"அப்ப அந்த மூணுக்கு நேரா உங்க பேரப் பதியணும்யா. அதுதான் முறை."

ஜெபமணியின் முகம் மலர்ந்தது. "பேரா? எங்கன?"

"இங்கன பாருங்க. பொருளுக்கு நேரா உங்க பேரு நிக்கும். எங்க சொந்தக்காரவுக அம்புட்டுப் பேரும் பாப்பாக. ஆண்டிபட்டி, தேனி, வெளிநாட்டுல இருக்குறவுகளும்."

"வெளிநாட்டுல இருக்குறவுகளுமா?"

கண்ணாடியை மாட்டிக்கொண்டு, ஆள்காட்டி விரலால் கோழி கொத்துவதுபோல ஒவ்வோர் எழுத்தாகக் கொத்தி, மூன்று இடத்திலும் தன் பெயரைப் பதித்தார். தலைவர் என்ற சொல்லையும் விடவில்லை. அந்தோணிமுத்துவின் பார்வை சுவர்க் கடிகாரத்துக்குப் போனது. ஞாயிற்றுக்கிழமை இன்னும் முக்கால்வாசி மிச்சம் இருந்தது.

"ரொம்ப சந்தோசம்யா," என்றாள் ஷெரின். "அடுத்த சனிக்கிழம சாயங்காலம் பங்கு மண்டபத்துல பிள்ளைக்குப் பிறந்தநாளு. அன்னைக்கு வாங்கிட்டு வந்துருங்க."

"பிறந்தநாளா?"

அவள் அழைப்பிதழைக் காட்டினாள். ஜெபமணி அதை இரண்டு தடவை படித்தார். கிங்ஸ்லி பேனரை மெல்லச் சுருட்டத் தொடங்கினான்.

"அப்ப நீங்க நலியல?"

"இல்லய்யா. இந்தச் சாமானெல்லாம் சபையோடது. மழையில வீடு விழுந்தவுக இருக்காக, அவுகளுக்குக் கொண்டுபோய்க் குடுங்க. உங்க பேரு ஏறிருச்சுல்ல, எங்களுக்கு நீங்க கைக்காசுல வாங்கியாந்தாப் போதும்."

கைக்காசு என்ற சொல் ஜெபமணிக்கு ஏதோ மலையாளம் மாதிரிக் கேட்டது. புரிந்தது, ஆனால் பழக்கமில்லை.

"இந்தப் பேர எடுக்க வழி இருக்கா தாயி?"

"இருக்குய்யா. எடுத்தா, 'ஜெபமணி, தலைவர், விலகிக்கொண்டார்'னு எல்லாருக்கும் தகவல் போகும்."

அப்படி ஒரு வசதி அந்தப் பக்கத்தில் இருந்ததா என்பது ஷெரினுக்கே தெரியாது. ஜெபமணி சோதித்துப் பார்க்க விரும்பவில்லை. "பிள்ளைக்குச் செருப்பு என்ன அளவு?" என்று கேட்டுக்கொண்டு எழுந்தார். ஆட்டோவில் அரிசி மூட்டையும் பேனரில் இருந்த அந்தோணியாரும் ஏறினார்கள். தெரு ஏமாற்றத்தோடு கலைந்தது.

அடுத்து நடந்ததைத்தான் ஷெரினும் எதிர்பார்க்கவில்லை. பட்டியலில் ஜெபமணியின் பெயர் மூன்று இடத்தில் மின்னுவதைக் குடும்பம் பார்த்தது. பிள்ளைக்குச் சித்தப்பா, பெரியப்பா, மாமன் என்று ஊர் நிறைய இருக்க, அசலூட்டு ஆள் முதல் பெயராக நிற்பதா? கடமலைக்குண்டில் இருந்த சித்தப்பா மழைக்கோட்டைப் பிடித்தார். வெளிநாட்டில் இருந்தவர் புத்தகங்களை மொத்தமாக அள்ளினார். மைக் வைத்து மொய் வாசித்தே வளர்ந்த சனம். பெயர் தெரிகிற இடம் என்று புரிந்த பிறகு அதற்கு யாரும் நாகரிகம் கற்றுக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை. அருள்செல்வி போனில் தேனாக ஒழுகினாள்.

"ஷெரினு, அந்தச் சைக்கிளுக்கு நேரா எம் பேரப் போட்டுட்டேன்த்தா. நானும் அத்தக்காரிதான? என்னைக்கு நான் ஒனக்கு மாறா நின்னுருக்கேன்?"

"நீங்க எப்பவும் என் பக்கம்தான் மதினி."

புதன்கிழமைக்குள், யாரும் தொடாத ஒரே ஒரு வரி போக, பட்டியல் தீர்ந்துவிட்டது. அதன்பிறகு வந்ததெல்லாம் சண்டைதான். எங்களுக்கு ஒன்றும் வைக்கவில்லையே, நாங்கள் வேண்டாதவர்களா என்று போன்மேல் போன். கூடுதலாக இரண்டு மூன்று பொருள் சேர்க்கச் சொல்லி ஜஸ்டின்கூட சிபாரிசுக்கு வந்தான். ஷெரின் அசையவில்லை. பிள்ளைக்கு வேண்டியது அவ்வளவுதான். வேண்டாததைச் சேர்த்தால் கரடிதான் வரும்.

"சும்மா வாங்க," என்று எல்லாருக்கும் ஒரே பதிலைச் சொன்னாள். "வந்து பிள்ளைய வாழ்த்திட்டு, பிரியாணி சாப்பிட்டுப் போங்க."

வெள்ளிக்கிழமை காலை, அவள் வேலைக்குக் கிளம்பும் நேரத்தில் அந்தோணிமுத்து சமையலறை வாசலில் வந்து நின்றார். தொண்டையைச் செருமினார். வழிபாட்டுக் கூட்டம் தொடங்கவில்லை. மறுபடி செருமினார்.

"அந்தப் பட்டியலு..." சாதாரணத் தமிழில் பேசினார். அதுவே அவருக்கு வேட்டி அவிழ்ந்த மாதிரி. "நேத்து டீக்கடையில கேட்டாக. ஜெபமணி பேரு இருக்கு, தாத்தா பேரக் காணோமேன்னு."

ஷெரின் டிபன் பாக்ஸை மூடினாள்.

"ஏதாச்சும் மிச்சம் கெடக்கா?"

அவள் போனை எடுத்துப் பார்த்தாள். "ஒண்ணே ஒண்ணு இருக்கு மாமா. அதுக்கு நேரா பேரு வைக்க யாரும் ஒத்துக்கல."

"என்னது?"

"பேன்சீப்பு. பள்ளிக்கூடத்துல இருந்து தலையில ஏத்திட்டு வந்துட்டா. மரச்சீப்பு வேணும், ரெண்டு பக்கமும் பல்லு நெருக்கமா இருக்கணும்."

அந்தோணிமுத்துவின் கை தானாகத் தன் தலைக்குப் போனது. ஷெரின் அவசரப்படுத்தவில்லை. இன்னொரு பொருளைச் சேர்க்கிறேன் என்றும் சொல்லவில்லை.

"போடு," என்றார்.

அவள் அவர் பெயரைத் தட்டினாள்.

"எம்.ஏ., பி.எட். விட்டுப்போச்சு."

சேர்த்தாள்.

"ஓய்வு பெற்ற தலைமையாசிரியர்."

அதையும் சேர்த்தாள். அந்த வரி நிறைந்து, சீப்பு அடுத்த வரிக்குத் தள்ளப்பட்டது. அந்தோணிமுத்து எட்டிப் பார்த்துத் திருப்தியாகத் தலையாட்டினார். சட்டையை மாட்டி, குடையை எடுத்துக்கொண்டார். ஊர்க் கடையில் வாங்கினால் நாலு பேர் பார்ப்பார்கள் என்று சின்னமனூருக்கே பஸ் ஏறுவதாக உத்தேசம். வாசல்படியில் நின்று திரும்பினார்.

"தாள் சுத்திக் குடுக்கலாம்ல? அதுக்கு ஒன் விதியில தடை ஒண்ணும் இல்லையே?"

"இல்ல மாமா. நல்லாப் பெரிய பெட்டியா வாங்கி, பெருசாவே சுத்துங்க."