ஓரத்துப் பந்தெல்லாம் ஆறுமுகசாமிக்கு

“பேசாம இருடீ அனகா. எண்ணிக்கை பொய் சொல்லாது,” என்றார் வைத்யநாதன்.

“எண்ணிக்கை சொல்லாதுப்பா. எண்றவா சொல்லுவா,” என்றாள் மகள்.

விஜயநகர் வீட்டு ஹாலில் அந்த வெள்ளிக்கிழமை சாயங்காலம் கமிட்டி கூடியிருந்தது. கமிட்டி என்றால் ஏதோ பெரிய மகாசபை இல்லை. மைசூரில் ரக்பி ஆடுவதற்கென்று இருந்த ஒரே ஒரு குட்டி கிளப்பின் ஆட்களைத் தேர்ந்தெடுக்கும் மூன்று பேர், அவ்வளவுதான். வைத்யநாதன் ரயில்வேயில் கல்கத்தாவில் வேலை பார்த்தபோது இந்த விளையாட்டுப் பைத்தியம் பிடித்து, ரிடையராகி வந்த பிறகும் தெளியாதவர். பசவராஜ் ஒரு காலத்தில் முன்வரிசையில் முட்டி மோதி மூக்கை உடைத்துக்கொண்டவர். மூன்றாவது ஆள் அனகா. காலேஜில் புள்ளியியல் சொல்லித் தருகிறாள். ஆம்பிளைகள் விளையாட்டில் உனக்கென்ன வேலை என்று கேட்டவர்களிடமெல்லாம் சண்டை போட்டுப் பிடித்த நாற்காலி அது.

ஞாயிற்றுக்கிழமை பெங்களூர் டீம் வருகிறது. கோலுக்கு உதைப்பது யார்? கேப்டன் ப்ரத்யும்னனா, ஆறுமுகசாமியா? தகராறு அதில்தான்.

ரக்பி தெரியாதவர்களுக்கு இவ்வளவு போதும். ஹெச் எழுத்துப் போல நிற்கும் கம்பத்தின் குறுக்குக் கட்டைக்கு மேலே, இரண்டு கம்பங்களுக்கும் நடுவே பந்து போக வேண்டும். எதிராளி தப்புச் செய்தால், தப்பு நடந்த இடத்திலிருந்து உதைக்கலாம். அந்த இடம் கம்பத்துக்கு நேரே அமைந்துவிட்டால் தூக்கத்தில்கூட அடிக்கலாம். மைதானத்தின் ஓரத்தில் அமைந்தாலோ, இரண்டு கம்பங்களும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்ட மாதிரி தெரியும். கெட்டிக்காரனுக்கே குறி தவறும்.

இந்த கிளப்பில் ஒரு வழக்கம். யார் ஆரம்பித்ததோ, யாரும் கேட்டதில்லை. பந்து நேரே அமைந்தால் கேப்டன் கையை நீட்டுவான், பந்தைக் கொடுத்துவிட வேண்டும். ஓரத்தில் அமைந்தால், “ஆறுமுகா, நீ ஹொடி கணோ” என்று, அதாவது நீயே அடிடா என்று, பெருந்தன்மையாகத் தட்டிக் கொடுப்பான். ப்ரத்யும்னன் கெட்டவன் இல்லை. ஜூனியருக்கு சான்ஸ் தருகிறோம் என்றே மனசார நம்பியிருந்தான். வைத்யநாதனோ கடைசியில் உள்ளே போனது எத்தனை, போகாதது எத்தனை என்று மட்டும் பார்ப்பார். ப்ரத்யும்னன் அடித்தால் நிச்சயம், ஆறுமுகசாமி அடித்தால் பாதிக்குப் பாதி. அவர் தீர்ப்பு அதுதான்.

ஆறுமுகசாமி தமிழ்நாட்டு எல்லையோரத்து ஹனூர்க்காரன். நஞ்சன்கூட்டில் ஒரு மில்லில் வேலை, பாசஞ்சர் பிடித்துப் பழக வருவான். ஓட்டம் சுமார்தான். உதைக்கத் தெரியும் என்பதால்தான் பதினைந்து பேரில் ஒருவனாக நின்றுகொண்டிருந்தான். அது இல்லையென்றால் அவனுக்கு டீமில் இடமே இல்லை.

“நஞ்சன்கூடு பாசஞ்சர் தினம் டயத்துக்கு வரது. மெட்ராஸ் வண்டி லேட்டா வரது,” என்றாள் அனகா. “அதனால பாசஞ்சர் டிரைவர்தான் ஒசத்தின்னு சர்வீஸ்ல இருந்தப்போ யாருக்காவது மெடல் குத்தினேளா?”

“அது வேற, இது வேற!”

“என்ன வேற? ரெண்டு பேரையும் ஒரே இடத்துலேர்ந்து அடிக்கச் சொல்லிப் பார்த்திருக்கேளா? அவன் அல்வாவைத் தின்னுட்டு இவனுக்கு எலும்பைப் போடறான். கடைசில இவனுக்குப் பல்லு சரியில்லைங்கறேள்!”

பசவராஜ் தொண்டையைச் செருமினார். “ஹௌது சார். பாப்பா சொல்றது சரி இதெ. நம்ம காலத்துலயும் இதே கதெ.”

இரண்டுக்கு ஒன்று. வைத்யநாதனுக்கு முகம் கடுகடுத்துவிட்டது. “ஆகட்டும். ஆறுமுகசாமியே அடிக்கட்டும். ஆனா ஞாயித்துக்கிழமை சொதப்பினான்னா, அப்புறம் அவன் இந்தப் பக்கமே வர வேண்டாம்.”

“ஒரு பந்து விட்டுட்டான்னு நான் தலைகுனிய மாட்டேன்ப்பா. ஒண்ணு போட்டுட்டான்னு குதிக்கவும் மாட்டேன்,” என்று சொல்லிவிட்டு அனகா காபி டம்ளர்களை எடுத்துக்கொண்டு போனாள். டம்ளர்களைக் குழாயடியில் வைத்தாள். பாவம், தன் வாயால் அந்தப் பையனுக்கு டீமில் இருக்கிற இடமும் போய்விடுமோ என்று ஒரு கணம் பயந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை ஆடிக் காற்று பேயாக அடித்தது. ஆட்டம் ஆரம்பித்த கொஞ்ச நேரத்தில் பெங்களூர்க்காரர்கள் ஒரு தப்புச் செய்தார்கள். சரியாகக் கம்பத்துக்கு எதிரே. ஆறுமுகசாமி பந்தை எடுத்தான். ப்ரத்யும்னன் பழக்கதோஷத்தில் கையை நீட்டினான்.

ஆறுமுகசாமி கொடுத்துவிட்டான்!

அனகாவுக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. ப்ரத்யும்னன் அடித்தான், உள்ளே போனது, ஒரே கைதட்டல். அடுத்த தப்பு வலது கோடியில். “ஹொடி கணோ” என்றான் கேப்டன். காற்று பந்தைத் திருப்பி வெளியே தள்ளியது. வைத்யநாதன் மகளைத் திரும்பிப் பார்த்தார்.

இடைவேளையில் அவள் செருப்போடு மைதானத்துக்குள் விடுவிடுவென்று நடந்தாள்.

“ஆறுமுகசாமி, பந்தை ஏன் குடுத்தீங்க?”

“கேப்டன் கையை நீட்டுனாருங்கம்மிணி. எப்படிங்க குடுக்காம இருக்கறது?”

“கமிட்டி உங்க பேரைத்தானே சொல்லியிருக்கு?”

“அது வீட்டுக்குள்ளாற சொன்னதுங்க. இங்க நாலு பேரு பாக்கறாங்கல்லங்க. ஒரு மருவாதி வேண்டாமுங்களா?”

“மரியாதையா? நல்ல பந்தெல்லாம் தானம் பண்ணிட்டு, ‘இவன் அடிச்சா போகாது’ன்னு ஊரெல்லாம் பேர் வாங்கி வெச்சிருக்கீங்களே, அதுக்குப் பேர் மரியாதையா? எனக்குப் பத்திண்டு வரது! அடிக்கறது நீங்கன்னா எல்லாம் நீங்கதான். சுலபமானதும் உங்களோடது, கஷ்டமானதும் உங்களோடது. இனிமே குடுக்காதீங்க.”

அவன் பூட்ஸ் நுனியால் புல்லைக் கிளறிக்கொண்டு நின்றான். அனகா திரும்பி வந்துவிட்டாள். சொல்ல வேண்டியதைச் சொல்லியாயிற்று, இனி அவன் பாடு.

ஆட்டம் முடியப்போகிற நேரம். பெங்களூர் இரண்டு பாயிண்ட் முன்னால் இருந்தது. அப்போது அவர்களில் ஒருவன் மறுபடியும் கம்பத்துக்கு நேர் எதிரே தப்புச் செய்து தொலைத்தான். உள்ளே போட்டால் மூன்று பாயிண்ட், ஜெயம்.

ப்ரத்யும்னன் கையை நீட்டினான்.

ஆறுமுகசாமி பந்தை வயிற்றோடு சேர்த்து அணைத்துக்கொண்டான். “நானே அடிக்கறனுங்க.”

“ஏய், வெளையாடற நேரமா கணோ இது? மேட்ச் போயிடும்!”

“போனா என்ற கணக்குல வெய்யுங்க. வந்துதுன்னாலும் என்ற கணக்குலயே வெய்யுங்க.”

ப்ரத்யும்னன் எல்லைக் கோட்டுப் பக்கம் பார்த்தான். வைத்யநாதன் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். “ஆறுமுகசாமி! பந்தைக் கேப்டன்கிட்ட குடு!”

“குடுக்காதீங்க!” என்று அனகா அதைவிட உரக்கக் கத்தினாள். காலேஜில் கடைசி பெஞ்சை அடக்கிப் பழகிய தொண்டை. மைதானமே திரும்பிப் பார்த்தது. பார்க்கட்டும் என்று நின்றாள்.

ஆறுமுகசாமி யாரையும் பார்க்கவில்லை. குதிகாலால் மண்ணைக் குழித்துப் பந்தை நிறுத்தினான். நாலடி பின்னால் போனான். ரெஃப்ரீ வாட்சைப் பார்த்தார். ப்ரத்யும்னன் இடுப்பில் கை வைத்துக்கொண்டு விலகி நின்றான். அனகா கண்ணை மூடிக்கொள்ள நினைத்தாள், மூடிக்கொள்ளவில்லை. ஓடி வந்து அடித்தான். பந்து சாதாரணமாக எழும்பி, சாதாரணமாக நடுவே போய் விழுந்தது.

பசவராஜ் துண்டைத் தூக்கிப் போட்டுக் கூத்தாடினார். டீமில் பாதிப் பேர் ஆறுமுகசாமியின் மேல் விழுந்தார்கள். வைத்யநாதன் மட்டும் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். ஜெயித்த சந்தோஷத்தை அவருடைய ரோஷம் வெளியே விடவில்லை.

“இதென்ன பெரிய அடி?” என்று சிடுசிடுத்தார். “கம்பத்துக்கு நேரே, மூக்குக்கு முன்னாடி! இதை எவன் அடிச்சாலும்தான் உள்ளே போயிருக்கும்!”

அனகா அப்பாவின் முழங்கையைப் பிடித்து மைதானத்தின் பக்கம் திருப்பி நிறுத்தினாள்.

“இன்னொரு தரம் சொல்லுங்கப்பா,” என்றாள். “அங்க ப்ரத்யும்னனுக்கும் கேக்கற மாதிரி, உரக்கச் சொல்லுங்க.”