யூலை பதினெட்டாந் திகதிக் கடிதம்

நகுலேஸ்வரிக்கு மூடநம்பிக்கை எதுவும் கிடையாது. அவளைக் கேட்டால் அவளே சொல்லுவாள். பூனை குறுக்கே போனால், அதற்கும் ஏதோ அலுவல் இருக்கும் என்று சொல்லிவிட்டு நடப்பவள். லண்டன் எட்மண்டனில் பதின்மூன்றாம் இலக்க வீட்டை எல்லாரும் வேண்டாம் என்று தடுக்கத் தடுக்க வாங்கியவள். ஆனால் ஆடி மாதம் வேறு கதை. ஆடியைப் பற்றி அவளோடு வாயைக் கொடுத்தால் புண்ணோடுதான் திரும்பவேண்டும்.

அதற்குக் காரணம் இருந்தது. இருபது வருடத்துக்கு முன்னர், ஒல்லாந்தில் இருந்தபோது, அவளும் புருஷன் நித்தியானந்தனும் ஒரு சாப்பாட்டுக் கடைக்கு ஆடி மாதத்தில் கையெழுத்து வைத்தார்கள். மார்கழிக்கு முன்பே கடை பூட்டியாயிற்று. அவள் வயிற்றில் இருந்த இரண்டாவது பிள்ளையும் தங்கவில்லை. இரண்டுக்கும் ஆடிக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பவர்கள் கேட்கட்டும். அவர்களுக்கு வயிற்றில் பிள்ளை கலைந்திருக்காது.

நித்தியானந்தன் அங்கே ஒரு கொக்கோ ஆலையில் பதினெட்டு வருடம் ஷிப்ட் அடித்தவர். மகன் நிஷாந்தன் இங்கிலீசில் படிக்கட்டும் என்று லண்டனுக்கு இடம் மாறிய பிறகு, எட்மண்டனில் ஒரு சின்ன யூனிட் எடுத்து, கொக்கோ விதையை வறுத்து அரைத்துத் தானே சொக்லேற் செய்யத் தொடங்கினார். கொம்பனி இரண்டு பேர் பெயரிலும் இருந்தது. எந்தக் கடுதாசி என்றாலும் இரண்டு கையெழுத்தும் விழவேண்டும்.

விதை வென்ஸ்லியிடமிருந்து வந்தது. வென்ஸ்லி இருப்பது சுரிநாமில். தென்னமெரிக்காவில் ஒல்லாந்துப் பாஷை பேசுகிற நாடு. லண்டனுக்கு வந்து ஒன்றுக்கும் உதவாது என்று இவர்கள் மறக்கப் பார்த்த பாஷை அவனோடு பேச உதவியது. பத்து வருடம் காட்டுக்குள் களவாகப் பொன் தோண்டியவன் அவன். மண்ணைக் கரைத்துப் பாதரசம் விட்டு, திரண்டதைச் சட்டியில் போட்டுக் கொளுத்திக் கொளுத்தி, முப்பத்தைந்து வயதில் அவன் கை நடுங்கத் தொடங்கியிருந்தது. தமையன் ஒரு குழிக்குள்ளேயே மூடுண்டு போனான். அன்றைக்கு மண்வெட்டியைப் போட்டவன்தான். ஆற்றங்கரையில் இருந்த தன் காணியில் கொக்கோ நட்டான். கொக்கோ நிழலில் வளரும், காட்டை அழிக்கத் தேவையில்லை, வாழையும் பெருமரங்களும் நின்றபடி நிற்கலாம் என்று பேசிப் பேசியே இன்னும் பதினொரு குடும்பத்தைக் குழிகளிலிருந்து மேலே கொண்டுவந்தான். இந்த வருடம் ஐந்தாவது வருடம். மரமெல்லாம் முழுக்காய்ப்பு.

நகுலேஸ்வரி அவனை ஒருநாளும் நேரில் கண்டதில்லை. ஆனால் வாட்சப்பில் அவன் குரல் வராத கிழமை கிடையாது. அக்கா என்ற சொல்லை அவளே அவனுக்குச் சொல்லிக் கொடுத்தாள். அவன் அதை அக்-கா என்று இரண்டாய் உடைத்துச் சொல்லுவான். தம்பி இல்லாத அவளுக்கு அந்த உடைந்த அக்கா போதுமாயிருந்தது.

யூலை நடுவில் அவன் ஒரு உதவி கேட்டான். பொன் தோண்டுகிற ஆட்கள் பெரிய இயந்திரங்களோடு வந்து ஆற்றங்கரைக் காணிகளைக் கேட்கிறார்கள். ஊர் இரண்டுபட்டு நிற்கிறது. ஆகஸ்ட் இரண்டாந் திகதி கூட்டம் வைத்து முடிவெடுக்கப் போகிறார்கள். ஐந்து வருடத்துக்கு விதையை நாங்களே எடுப்போம் என்று லண்டனிலிருந்து ஒரு கடிதம் வந்தால், அதைக் காட்டி ஊரை நிறுத்திவிடுவேன் என்றான். வேறொன்றும் கேட்கவில்லை.

நித்தியானந்தன் கடிதத்தை எழுதி அச்செடுத்து, யூலை பதினெட்டு என்று திகதியும் போட்டு, மேசையில் கொண்டுவந்து வைத்தார். முதல்நாள்தான் ஆடிப்பிறப்பு. சட்டியில் மிச்ச ஆடிக்கூழ் இருந்தது. அவள் கடிதத்தைப் பார்த்தாள், பஞ்சாங்கத்தைப் பார்த்தாள்.

"ஆடியில கையெழுத்து வேண்டாம்" என்றாள்.

"அவையின்ர கூட்டம் ஆகஸ்ட் ரெண்டில, நகுலா."

"கூட்டமெண்டால் தள்ளிப் போடுவினம். எங்கட சங்கக் கூட்டம் எத்தினை தரம் தள்ளுப்பட்டது? ஒரு மாதம்தானே. மரம் நிண்ட இடத்திலதானே நிக்கப் போகுது."

அவர் இரண்டு நாள் மன்றாடிப் பார்த்தார். மூன்றாம் நாள் விட்டுவிட்டார். நியாயத்தைச் சொன்னால் அவருக்கும் உள்ளூரப் பயம்தான். அந்தப் பிள்ளை அவருடையதும் அல்லவா? மகனுக்கு ஆவணியில் கலியாணம் வேறு வைத்திருந்தது. நகுலேஸ்வரி கடிதத்தை மடித்துச் சாமித்தட்டில் பிள்ளையார் படத்துக்குக் கீழே வைத்தாள். அவமரியாதையாக அல்ல, பத்திரமாகத்தான் வைத்தாள்.

கடிதம் வருகிறது என்று வென்ஸ்லிக்குச் சொல்லியாயிற்று. அவன் ஊருக்குச் சொன்னான். ஒரு கிழமை கழித்து, எழுதியாயிற்றா என்று கேட்டான். ஒரு நல்ல நாளில் கையெழுத்து வைத்து அனுப்புவோம் என்று அவள் குரற்பதிவு அனுப்பினாள். அதற்கு அவன், இன்றைக்கு என்ன கெட்ட நாளா அக்கா என்று கேட்டுச் சிரித்தான். அவளும் சிரித்தாள். விளையாட்டுப் பிள்ளை என்று நினைத்தாள். ஆகஸ்ட் இரண்டு வந்து போனது. அவனிடமிருந்து ஒரு சத்தமும் இல்லை. கூட்டத்தைத் தள்ளிப் போட்டிருப்பார்கள் என்று அவளே புருஷனுக்கும் சமாதானம் சொன்னாள்.

ஆவணி பிறந்து நாலாம் நாள் புதன்கிழமை நிஷாந்தனுக்குப் பொன்னுருக்கு. தாலி செய்யப்போகிற பொன்னை மாப்பிள்ளை வீட்டில் சபை பார்க்க உருக்குகிற சடங்கு. கடிதத்துக்கும் அதே நாளைத்தான் அவள் தெரிந்தெடுத்திருந்தாள். முதல்நாளே புதுத் திகதி போட்டு ஒன்று அச்செடுத்து வைத்தாயிற்று. காலை ஒன்பது பத்துக்குச் சுபநேரம். இருவரும் கையெழுத்து வைத்தார்கள். நித்தியானந்தன் படமெடுத்து வென்ஸ்லிக்கு அனுப்பினார். அப்பாடா என்றிருந்தது அவளுக்கு. மஞ்சள் கூறைச்சீலையைச் சரிசெய்துகொண்டு சபைக்குப் போனாள்.

ஃபாரஸ்ட் கேட்டிலிருந்து நகை செய்கிற தவராசாப் பத்தர் வந்திருந்தார். புகை கண்டு கத்தாமல் இருக்கக் கூரையிலிருந்த அலாரத்தைக் கழற்றி, அதற்குமேல் ஒரு துவாயையும் சுற்றி வைத்திருந்தார்கள். பத்தர் பவுண் நாணயத்தைச் சின்ன மூசைக் கிண்ணத்தில் இட்டு, காஸ் சுவாலையைப் பிடித்தார். பெண் வீட்டார், சொந்தக்காரர் எல்லாரும் கழுத்தை நீட்டிப் பார்த்தார்கள். நாணயத்திலிருந்த முகம் முதலில் கரைந்தது. அப்போதுதான் நகுலேஸ்வரியின் கையில் போன் அதிர்ந்தது. வென்ஸ்லியின் நம்பர். கடிதத்தைக் கண்டுவிட்டான் என்று முகம் மலர, குசினிக்குள் போய்க் காதில் வைத்தாள்.

ஒல்லாந்துப் பாஷையில் பேசியது வென்ஸ்லியின் மனைவி ஐரீன். அழுது முடித்த குரல்.

கூட்டத்தில் எல்லாரும் கடிதத்தைக் கேட்டார்கள் என்றாள். அவன் வரும் வரும் என்று நின்றான். லண்டனும் இல்லை, கடிதமும் இல்லை, எங்களைப் பேய்க்காட்டினாய் என்று அந்தப் பதினொரு குடும்பமுமே அவனைப் பேசினார்கள். ஆறாந் திகதி இயந்திரம் இறங்கியது. இரண்டு நாளில் ஒரு மரம் இல்லை. அவன் கோபிக்கவில்லை. பிள்ளைகள் சாப்பிட வேண்டுமே என்று, தன் காணியில் வெட்டிய குழிக்கே கூலிக்கு இறங்கினான். போன வெள்ளிக்கிழமை மழைக்குக் கரை சரிந்தது. சனிக்கிழமைதான் அவனுடைய உடலை எடுத்தார்கள்.

பிறகு அந்தப் பெண் சொன்னாள்.

"அக்கா, கடிதத்தை இண்டைக்கு விடியக் கண்டன். ஆனால் திகதி ஆகஸ்ட் இருபது எண்டு கிடக்கு. இஞ்ச எல்லாரும் அவரைப் பொய்யன் எண்டு சொல்லீனம். நாளைக்கு அடக்கம். யூலைத் திகதி போட்டு ஒண்டு தருவியளே? அவர் பொய் சொல்லேல்லை எண்டு மட்டும் காட்டவேணும்."

நகுலேஸ்வரி குசினிச் சுவரில் சாய்ந்து நின்றாள். வாய்க்குள் சேலைத் தலைப்பை அடைத்துக்கொண்டாள். சண்டாளி, சண்டாளி என்று தன்னைத்தானே திட்டினாள். இன்றைக்கு என்ன கெட்ட நாளா அக்கா. எவ்வளவு சின்னக் கேள்வி. பதில் சொல்லாமல் சிரித்தாளே!

மச்சாள் யோகமலர் எட்டிப் பார்த்தாள். பொன் உருகிவிட்டது, தட்டம் மாப்பிள்ளையின் தாய்தான் தூக்கவேண்டும், வா என்றாள். பிறகுதான் முகத்தைக் கண்டாள். நகுலேஸ்வரி இரண்டே சொல்லில் சொன்னாள். யோகமலருக்கு முகம் இருண்டது. கெட்டவள் அல்ல. ஆனால் கதவை மெல்லச் சாத்திவிட்டுச் சொன்னாள்:

"நல்ல காரியம் நடக்கேக்குள்ள இதை வாயில எடுக்காத. அரை மணித்தியாலம்தானே. முடிஞ்ச பிறகு அண்ணைக்குச் சொல்லு."

ஒரு மாதத்துக்கு முன் தான் சொன்னதுதான் அது. ஒரு மாதம்தானே என்றது அரை மணித்தியாலம்தானே என்றாகியிருந்தது, அவ்வளவுதான். நகுலேஸ்வரி முகத்தைக் கழுவிக்கொண்டு சாமித்தட்டுக்குப் போனாள். பிள்ளையாருக்குக் கீழே பழைய கடிதம் வைத்தபடி இருந்தது. மூலையில் குங்குமம் பட்டிருந்தது. யூலை பதினெட்டு. அதில் தன் கையெழுத்தை வைத்தாள். கடிதத்தையும் பேனையையும் எடுத்துக்கொண்டு சபைக்கு நடந்தாள்.

பொன் ஆறி, ஒரு கடலை அளவில் தட்டத்தில் கிடந்தது. எந்த ஆற்றங்கரை மண்ணோ, யார் இறங்கிய குழியோ. பத்தர் அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றச் சொன்னார். அவள் தொடவில்லை. புருஷனுக்கு முன்னால் கடிதத்தை வைத்தாள்.

"இஞ்சேருங்கோ. வென்ஸ்லி இல்லையப்பா. குழிக்குள்ளயே போயிட்டான். இதில கையெழுத்து வையுங்கோ."

பெண்ணின் தாய் மகளுக்கு என்ன சகுனமோ என்று நெஞ்சில் கையை வைத்தாள். நித்தியானந்தன் கடிதத்தையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இப்பவோ?" என்றார்.

"இப்ப."

நிஷாந்தன் எழும்பி வந்து தாய்க்குப் பக்கத்தில் நின்றான். நித்தியானந்தன் முழங்காலில் வைத்துக் கையெழுத்துப் போட்டார். பேனை இரண்டு இடத்தில் கடுதாசியைக் குத்தியது. அவள் படமெடுத்து ஐரீனுக்கு அனுப்பினாள்.

உடனேயே படத்துக்குக் கீழே இரண்டு சரிக்குறியும் நீலமாயின. அந்தப் பக்கத்தில் ஐரீன் போனைக் கையிலேயே வைத்துக்கொண்டு இருந்திருக்கிறாள்.