ஆணியம்மாவின் எதிர்முனை

இன்னும் கொஞ்சம் கிட்ட வந்து உட்காருங்கள், கண்ணுகளா. விரிப்பு மடித்த இரண்டு பெண்களின் கதை சொல்கிறேன். சின்னக் கதைதான். கையில் வேலை இருந்தால் அதைப் பார்த்துக்கொண்டே கேட்கலாம். நான் கோபித்துக்கொள்ள மாட்டேன்.

ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் அடித்தளத்தில் சலவைக்கூடம். துவைக்கும் இயந்திரங்கள் ஓடத் தொடங்கிவிட்டால் பக்கத்தில் நிற்பவர் பேச்சுகூடக் காதில் விழாது. அங்கே படுக்கை விரிப்புகளை மடிக்கும் வேலையில் ஒருத்தி இருந்தாள். நல்ல உயரம். அவளை எல்லோரும் ஆணியம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். விரிப்பை மடிக்க இரண்டு பேர் வேண்டும் அல்லவா? அவளோ சுவரில் இருந்த ஓர் ஆணியில் ஒரு முனையை மாட்டிவிட்டு, மறுமுனையைத் தான் பிடித்துக்கொண்டு ஒற்றை ஆளாக மடிப்பாள். பதினோரு வருஷமாக அப்படித்தான். அதற்கு முன்னால் எதிர்முனையில் அவளுடைய அக்கா இருந்தாள்.

அந்த வருஷம் மேற்பார்வையாளர் எங்கேயோ இரண்டு நாள் பயிற்சிக்குப் போய்விட்டு வந்தார். குழுவாக வேலை செய்வது எப்படி என்று அங்கே சொல்லிக்கொடுத்தார்களாம். வந்த கையோடு சுவரில் ஒரு தாள் ஒட்டினார். தாள் நிறைய வட்டங்கள், வட்டத்துக்கு இரண்டு பேர். மனுஷர் தன் வாழ்நாளில் ஒரு கைக்குட்டை மடித்தவர் இல்லை. ஆனாலும் நல்லவர்.

ஆணியம்மாவின் வட்டத்துக்குள் வந்தவள் புதிதாகச் சேர்ந்தவள். ஏறக்குறைய அவள் வயதுதான், உயரம் மட்டும் அவள் தோள் அளவு.

“ஏணிக்கு முக்காலியைக் கட்டி வச்சிட்டாங்கப்பா,” என்றான் இஸ்திரிக்காரன். அன்றிலிருந்து புதியவள் பெயர் முக்காலி.

முதல் விரிப்பிலேயே விபத்து. ஆணியம்மா துணியை வெடுக்கென்று இரண்டு தரம் இழுத்தாள். முக்காலி நிலை தடுமாறி, மடித்து வைத்திருந்த அடுக்கின்மேல் விழுந்தாள். அடுக்கு ஈரத் தரையில் சரிந்தது. நாற்பது விரிப்பும் மறுபடி துவைக்கப் போயின. மறுநாளும் அதே கதை. மூன்றாம் நாள் முக்காலி முழங்காலில் கட்டுப் போட்டுக்கொண்டு வந்தாள்.

மேற்பார்வையாளர் ஆணியம்மாவைத் தனியாகக் கூப்பிட்டார். “மத்த ஜோடிங்க மூணு அடுக்கு முடிக்கிற நேரத்துல நீங்க ஒண்ணுதாம்மா முடிக்கிறீங்க. வெள்ளிக்கிழமை வரைக்கும் பாக்கறேன். சரிப்படலன்னா உங்களைத் துண்டு மடிக்கிற அறைக்கு மாத்திடறேன். அங்க தனியாவே இருக்கலாம். உங்களுக்கும் அதுதானே பிடிக்கும்?”

“எனக்கு எங்க இருந்தா என்ன சார்,” என்றாள்.

பொய். துண்டு அறைக்கு ஜன்னல் கிடையாது. கூடத்தில் அவள் யாரோடும் பேசாவிட்டாலும், இயந்திரங்கள் நிற்கும் நேரத்தில் இஸ்திரிக்காரன் அடிக்கும் கேலியாவது காதில் விழும். வீட்டில் அதுவும் இல்லை. காலையில் “வர்றேன்” என்று சொல்லிவிட்டுக் கிளம்பக்கூட ஆள் இல்லாத வீடு. துண்டு அறைக்கும் போய்விட்டால், ஒரு நாள் முழுக்க அவள் காதில் ஒரு மனிதக் குரல் விழாது.

வியாழக்கிழமை சாப்பாட்டு நேரம். இயந்திரங்கள் நின்றிருந்தன. முக்காலி தன் டப்பாவைத் தூக்கிக்கொண்டு வந்து ஆணியம்மாவுக்கு எதிரில் உட்கார்ந்தாள்.

“அக்கா, உங்களுக்கு என்மேல ஏதாவது கோவமா?”

“அக்கான்னு கூப்பிடாத.”

“சரிங்க. கோவமா?”

“இல்லையே. எதுக்குக் கேக்கற?”

“அப்புறம் ஏன் வெடுக்கு வெடுக்குன்னு ரெண்டு தடவை இழுக்கறீங்க? முரட்டு மாட்டைக் கயிறு போட்டு இழுக்கற மாதிரி இருக்கு எனக்கு.”

“நானா இழுக்கறேன்?”

“பின்ன, ஆணியா இழுக்குது?”

ஆணியம்மா தன் கைகளை மடியில் வைத்துக் கொஞ்ச நேரம் பார்த்தாள். அந்தக் கைகள் அப்படிச் செய்துகொண்டிருப்பது அவளுக்கே தெரியாது.

“அது எங்க அக்காவுக்கு,” என்றாள். “இந்தச் சத்தத்துல கூப்பிட்டா கேக்காதில்ல. நான் ரெண்டு தடவை இழுத்தா ‘வரட்டுமா’ன்னு அர்த்தம். அவ ஒரு தடவை இழுத்தா ‘வா’ன்னு அர்த்தம். அப்புறம் ரெண்டு பேரும் நடந்து நடுவுல சேருவோம். அவ செத்துப் போயிட்டா. கை மட்டும் நிறுத்தல போல.”

“பதினோரு வருஷமா ஆணிகிட்டயா கேட்டுட்டு இருந்தீங்க?”

“அது பதில் சொல்லாது. அதனாலதான் இழுப்பு வரவர பலமாயிடுச்சோ என்னமோ.”

முக்காலி சிரிக்கவில்லை. டப்பாவை மூடினாள். “இதை மொதல் நாளே சொல்லியிருந்தா என் முட்டி பிழைச்சிருக்குமேங்க,” என்று மட்டும் சொன்னாள்.

வெள்ளிக்கிழமை வந்தது. மேற்பார்வையாளர் நோட்டும் பேனாவுமாக ஓரத்தில் நின்றார். இயந்திரங்கள் இரைந்தன. ஆணியம்மா விரிப்பை உதறி, இந்தத் தடவை கையை மார்பளவுக்கு இறக்கிப் பிடித்தாள். இரண்டு தரம் இழுத்தாள். மெதுவாகத்தான்.

எதிர்முனையிலிருந்து ஓர் இழுப்பு வந்தது. அக்காவின் இழுப்பு மாதிரி இல்லை. ஒரு பக்கமாகக் கோணி, பயந்து பயந்து வந்தது. ஆனால் வந்தது.

ஆணியம்மாவுக்குக் கால் நகரவில்லை. மேற்பார்வையாளர் நோட்டைப் புரட்டினார். முக்காலி வாயை அசைப்பது தெரிந்தது. சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை. அப்புறம் துணி மறுபடியும் ஒரு தரம் இழுபட்டது. அவள் நடந்தாள். நடுவில் இரண்டு முனைகளும் சேர்ந்தபோது முக்காலியின் விரல்கள் அவள் விரல்களில் பட்டன. சூடாக, சோப்பு ஈரத்தோடு.

மத்தியானத்துக்குள் ஏழு அடுக்கு ஆகிவிட்டது. “பாத்தீங்களா, எல்லாம் அந்தத் தாளோட வேலை,” என்று சொல்லிக்கொண்டே மேற்பார்வையாளர் போனார். துண்டு அறைப் பேச்சு அதன்பிறகு எழவில்லை. முக்காலி தன் பையைக் கொண்டுபோய்ச் சுவர் ஆணியில் மாட்டினாள். “சும்மாதானே இருக்குது?” என்று கேட்டாள். ஆணியம்மா அடுத்த விரிப்பை எடுத்து உதறினாள்.

அன்று சாயங்காலம் வீட்டில், கொடியில் காய்ந்த தன் விரிப்பை எடுத்தாள். வழக்கம்போல ஒரு முனையை ஜன்னல் கொக்கியில் மாட்டினாள். கை தானாக இரண்டு தரம் இழுத்தது. கொக்கி சும்மா இருந்தது. இத்தனை வருஷம் அது சும்மாதான் இருந்தது. அன்றைக்குத்தான் அவளுக்கு அது உறைத்தது. துணியைக் கொக்கியிலிருந்து கழற்றினாள். பிறகு மடிக்காமல் சுருட்டிப் பைக்குள் வைத்தாள். நடுவில் சனியும் ஞாயிறும் இருந்தன. திங்கட்கிழமை கூடத்துக்கு எடுத்துக்கொண்டு போனால் ஆயிற்று.

அவ்வளவுதான், என் செல்லங்களே. உங்கள் வீட்டு விரிப்புகள் எல்லாம் வெயிலில் நன்றாகக் காயட்டும். அவற்றை எடுத்து உதறும்போது மறுமுனையைப் பிடிக்க உங்கள் வீட்டில் எந்நாளும் ஒரு கை இருக்கட்டும். நீங்கள் இழுத்தால் அது திருப்பி இழுக்கட்டும்.