படம் பார்க்கும் அறைக்கு ஓர் அலமாரி

பாப்பா இரண்டு மாதம் வந்து தங்கப்போகிறாள் என்று தெரிந்த அன்றுதான் அவள் அண்ணிக்குச் சினிமாவின் மேல் ஆசை வந்தது.

பாப்பா என்றால் குழந்தை இல்லை. நாற்பத்திரண்டு வயது. பேருந்து நிலையத்தில் கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்து சீட்டு கொடுப்பவள், கல்லூரிக்குப் போகும் ஒரு பெண்ணைத் தனியாக வளர்ப்பவள். அண்ணன் கூப்பிட்ட பெயர் நரை வந்த பிறகும் அப்படியே ஒட்டிக்கொண்டிருந்தது.

பாப்பா குடியிருந்த கட்டடத்தில் தண்ணீர்க் குழாய்களையெல்லாம் பெயர்த்து மாற்றப்போகிறார்கள், இரண்டு மாதம் எல்லோரும் காலி செய்ய வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். அந்த அண்ணன் இதைச் சாப்பிடும்போது மனைவியிடம் சொன்னான். சொல்லிவிட்டு, தட்டைப் பார்த்துக்கொண்டே, அந்தச் சின்ன அறை சும்மாதானே கிடக்கிறது என்றான். மென்றுகொண்டிருந்த கவளத்தை விழுங்கவே அவளுக்கு நேரம் ஆயிற்று.

மறுநாள் காலையில் கேட்டாள்.

"ஏங்க, ஹோம் தியேட்டர் ஹோம் தியேட்டர்னு சொல்லிட்டே இருப்பீங்களே. அந்தச் சின்ன ரூம்ல வெச்சுட்டா என்ன?"

காய்ச்சலில் உளறும் ஆளைப் பார்ப்பதுபோல் அவன் அவளைப் பார்த்தான். ஒன்பது வருட ஆசை அது. ஸ்பீக்கர் படங்களைக் கத்தரித்து ஓர் உறைக்குள் வைத்திருக்கிற மனிதன்.

"அப்ப பாப்பா?"

"ஹால்ல படுக்கலாம். ஆனா வயசுப் பொண்ணு இருக்கா, வர்றவங்க போறவங்க இருக்காங்க. அவங்களுக்கே சங்கடமா இருக்கும். நீங்களே வேற நல்ல இடமா பாத்துக் குடுங்க."

அடுத்த நாள் அவன் வேலை முடிந்து வரும்போது கையில் ஒரு மரச்சாமான் கடையின் விலைப் புத்தகம் இருந்தது. அதைப் பார்த்ததும் அவளுக்கு நிம்மதி வந்தது. நிம்மதியின் பின்னாலேயே ஒரு குமட்டலும் வந்தது. கூடப்பிறந்தவளை ஒரு மனிதன் இவ்வளவு சுலபமாக விட்டுவிடுவானா? கொஞ்சம் சண்டை போட்டிருக்கலாம்.

குமட்டல் அவளுக்குப் புதிதல்ல. பல் மருத்துவமனை ஒன்றில் கருவிகளைக் கழுவிக் கொதிக்கவைத்து உறைபோடுவது அவள் வேலை. பதினாறு வருடமாகப் பிறர் வாயிலிருந்து வருவதையெல்லாம் பார்த்தவள். வீட்டுக்கு வந்தால் கதவுப்பிடி, சுவிட்ச், குழாய்த் திருகு எல்லாவற்றையும் துடைத்த பிறகுதான் உட்காருவாள். மிக்ஸிக்கு உறை, டிவிக்கு உறை, ஆம்ப்ளிஃபையருக்கு உறை என்று எல்லாவற்றுக்கும் அவளே தைத்துப் போட்டிருந்தாள். சொந்தக்காரர்கள் அவள் இல்லாதபோது அவளை ஆஸ்பத்திரி என்று சொல்வார்கள். அது அவளுக்குத் தெரியும். உள்ளூரக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

மூன்று வருடத்துக்கு முன் பாப்பா வீட்டில் சாப்பிட உட்கார்ந்தபோது, தட்டின் விளிம்புக்கு அடியிலிருந்து சின்னதாக, பழுப்பாக ஒரு கரப்பான் வந்தது. வந்து நின்றது. மீசையை இப்படியும் அப்படியும் ஆட்டி ஏதோ யோசிப்பதுபோல் பார்த்துவிட்டுச் சோற்றின் மேல் ஏறியது. அவள் எழுந்து வந்துவிட்டாள். வீட்டுக்கு வந்து இரண்டு தடவை குளித்தாள். மூன்றாவது காரியமாகப் பெரியம்மாவுக்குப் போன் போட்டாள்.

கணவனின் பெரியம்மாவிடம் ஒன்றைச் சொன்னால் ஒலிபெருக்கி வைத்துச் சொன்னதுபோல. ஒரே வாரத்தில் சொந்தம் முழுக்கத் தெரிந்துவிட்டது. அதன் பிறகு பாப்பா வீட்டில் யாரும் பச்சைத் தண்ணீர்கூடக் குடிப்பதில்லை. பாப்பா அதைப்பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை. அண்ணன் வீட்டுக்கு வந்தால் நாற்காலியின் நுனியில், கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்காருவாள். பத்தே நிமிடத்தில் கிளம்பிவிடுவாள். போன பிறகு அந்த நாற்காலி ஸ்பிரிட்டால் துடைக்கப்படும்.

அப்படியும் எப்போதாவது ஹால் சுவரில் ஒரு சின்னப் பழுப்புப் பூச்சி தென்படும். உடனே அவள் நாள் கணக்குப் பார்ப்பாள். பாப்பா வந்துபோய்ப் பதினொரு நாள். சரிதான். ஒருமுறை எழுபது நாள் ஆகியிருந்தது. முட்டை பொரிக்கவும் குஞ்சு வளரவும் நாளாகுமே என்று அதற்கும் ஒரு வழி கண்டுபிடித்தாள்.

அலமாரி வாங்கப் போகும்போது கைப்பையில் அளவு நாடாவை எடுத்து வைத்துக்கொண்டாள்.

கடையில் புதுப் பலகையும் பசையும் கலந்த நெடி. போலி வரவேற்பறைகள் வரிசையாக இருந்தன. அட்டையில் செய்த டிவிகள், பக்கம் இல்லாத புத்தகங்கள். கண்ணாடிக் கதவுகளில் யாரோ வீட்டுக் குழந்தைகளின் விரல் தடங்கள், ஒன்றில் மூக்கை வைத்து அழுத்திய வட்டம். விற்பனையாளர் ஒவ்வொரு பக்கத்துக்கும் விரலை நாக்கில் தொட்டுத் தொட்டு விலைப்பட்டியலைப் புரட்டினார். அந்தப் பட்டியலை அவள் கடைசிவரை தொடவில்லை.

விஷயம் தெரிந்த ஆள்தான் அவர். ஆம்ப் சூடாகும், அதன் தலைக்கு மேல் ஒரு கையளவாவது இடம் விடவேண்டும், முதுகுப்பக்கம் திறந்திருந்தால் நல்லது என்றார். நடு ஸ்பீக்கரைத் தட்டின் விளிம்புவரை இழுத்து வைக்கவேண்டும், உள்ளே தள்ளினால் குரல் கிணற்றிலிருந்து வருவதுபோல் இருக்கும் என்றார். கும்கும்மென்று அதிரும் ஊஃபரை எந்தக் காரணம் கொண்டும் அலமாரிக்குள் வைக்காதீர்கள், பலகையெல்லாம் குளிரில் பல் தந்தியடிப்பதுபோல் ஆடும், தரையில் வையுங்கள் என்றார். கணவன் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினான், சிலவற்றை அவர் சொல்லும் முன்பே சொன்னான். அவன் முகத்தில் அப்படியொரு வெளிச்சத்தை அவள் பார்த்து வருடக்கணக்கில் ஆகியிருந்தது. பார்க்கச் சகிக்கவில்லை.

அவளுக்கு வேண்டியது இரண்டே விஷயம். ஒன்று, ஓட்டை இருக்கக்கூடாது.

"முதுகுல இவ்வளவு பெரிய ஓட்டை எதுக்கு?"

"ஒயர் போகணுமே மேடம். காத்தும் வேணும். உள்ள இருக்கிற பொருளுக்கு மூச்சு முட்டும்."

"மூச்சு விட அது என்ன மாடா? எனக்கு மூடின மாதிரி காட்டுங்க."

இரண்டாவது விஷயத்தை அவள் யாரிடமும் சொல்லவில்லை. சின்ன அறை பத்தடி அகலம், ஒன்பதடி நீளம். அலமாரி இரண்டடி ஆழம். எதிரே இரண்டு சாய்வு நாற்காலிகள். காலை நீட்டிச் சாய்ந்தால் ஒவ்வொன்றும் ஐந்தரை அடி பிடிக்கும். மீதி ஒன்றரை அடி. ஒன்றரை அடியில் மடக்குக்கட்டில் விரியாது. ஒருக்களித்து ஒரு ஆள் படுக்கலாமா என்று அதையும் யோசித்தாள். ஒரு ஆள் படுக்கலாம். தாயும் மகளும் முடியாது.

கணவன் கைவைத்துத் தடவிக்கொண்டிருந்த சிறிய அலமாரியை வேண்டாம் என்றாள். சுவர் நிறைய வேண்டும் என்றாள். பத்தடி நீளத்தில், வெள்ளை நிறத்தில், கண்ணாடிக் கதவுகளின் விளிம்பில் ரப்பர் ஓடிய ஒன்று மூலையில் இருந்தது. யாரும் வாங்காமல் நின்றதாலோ என்னவோ அதன் மேல் விற்பனையாளருக்கே பாசம் இல்லை. இது ஹோம் தியேட்டருக்குத் தோதுப்படாது, துணி வைக்கலாம் என்று இரண்டு முறை சொன்னார். அவள் அதைத்தான் எடுத்தாள்.

கடையிலிருந்து வரும் வழியில் கணவன் பாப்பாவுக்குப் போன் செய்தான். அறை தோதுப்படாது என்பதை ரொம்ப நேரம் சுற்றி வளைத்துச் சொன்னான். நடுவில் ஒருமுறை, "இல்லடா, அப்படியெல்லாம் இல்ல" என்றான். அவள் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை அலமாரி வந்து இறங்கியது. இணைப்பு கொடுக்க வந்தவரைக் கணவன் ஒயர்காரர் என்று கூப்பிடுவான். ஒல்லியான மனிதர், பேச்சும் ஒல்லி. புது டிவியைச் சுவரில் மாட்டி, ஸ்பீக்கர்களை உட்கார்ந்தவர் காது மட்டத்துக்குக் கொண்டுவந்து நிறுத்தினார். ஆம்ப் மட்டும் பழையதே போதும் என்று கணவன் வைத்திருந்தான். ஏழு வருடமாக ஹால் மூலையில் பாடிக்கொண்டிருப்பது. அவள் உறையைக் கழற்றி, மேலே ஒருமுறை துடைத்து, அவளே தூக்கிக்கொண்டு வந்து புது அலமாரியின் நடுத்தட்டில் வைத்தாள்.

ஒயர்காரர் அதை லேசாகச் சாய்த்துப் பார்த்தார். உள்ளே ஏதோ உருண்டது. ஒரு செய்தித்தாள் கேட்டார். கொண்டுவந்து விரித்தாள். திருகுகளைக் கழற்றி மூடியைத் தூக்கினார்.

முதலில் தூள் கொட்டியது, டீத்தூள் மாதிரி, கறுப்பாக, அவ்வளவும் எச்சம். பிறகு மூடியின் உட்பக்கம் முழுக்க அசைந்தது. பழுப்பு நிறத்தில் சின்னதும் பெரியதுமாக, பெரியதே விரல் நகம் அளவுதான், வெளிச்சம் பட்டதும் எல்லாத் திசையிலும் சிதறி ஓடின. வெள்ளைப் பலகையில் ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரிந்தது. சில, வாலில் முட்டைப் பையைச் சுமந்துகொண்டு மெதுவாக ஓடின. ஒன்று அவள் மணிக்கட்டில் ஏறி முழங்கைவரை போய்விட்டது. காலில் கிடந்த செருப்பைக் கழற்றி அடித்தாள், அடித்தாள். புது அலமாரியின் மேல் மஞ்சளாகத் தடம் விழுந்தது. நெடி, பழைய எண்ணெயும் ஈரத் துணியும் சேர்ந்ததுபோல்.

ஒயர்காரர் பதறவில்லை. கையை உதறிக்கொண்டார். "இந்த ஜாதிக்குச் சூடுதான் சார் வேணும். சாக்கடையிலிருந்து வராது. மிஷினுக்குள்ள உக்காந்துட்டு மிஷினோட ஊர் ஊராப் போகும்."

"எப்ப வந்திருக்கும்?" என்றாள் அவள். பாப்பா கடைசியாக வந்து எத்தனை நாள் என்று மனசு எண்ணத் தொடங்கியிருந்தது.

அவர் திருப்புளியின் முனையால் உள்ளே சுரண்டினார். காய்ந்த முட்டை ஓடுகள் அடுக்கடுக்காக ஒட்டியிருந்தன. "அஞ்சாறு வருஷம் இருக்கும் மேடம். உறை போட்டு வெச்சிருந்தீங்கல்ல? சொகுசா இருந்திருக்கு."

கணவன் தட்டைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"பாப்பாவுக்குக் குடுத்த டிஸ்க் பிளேயர் இது மேலதானே இருந்துச்சு?" என்றான்.

அவளுக்குப் புரிந்தது. பாப்பா அந்தக் கட்டடத்துக்குக் குடிபோனபோது, சும்மாதானே கிடக்கிறது என்று டிஸ்க் பிளேயரைத் துடைத்துப் புதுத் துணியில் சுற்றி அவளே கொண்டுபோய்க் கொடுத்தாள். அதை மேசையில் வைத்து, பாப்பாவின் மகள் அன்றே பாட்டுப் போட்டாள். அதற்கு ஆறு மாதம் கழித்துத்தான் கரப்பான் ஏறிய அந்தச் சாப்பாடு.

"கொண்டுபோற வழியில தெருவுல கூட ஏறியிருக்கலாம்" என்றாள். சொல்லும்போதே அது ஒட்டவில்லை.

கணவன் பாப்பாவுக்குப் போன் போட்டு, மனைவியின் காதுபடவே, நடந்ததைச் சொன்னான். இந்த முறை சுற்றி வளைக்கவில்லை. அது நாங்க குடுத்தது பாப்பா, எங்க பொட்டியிலேர்ந்துதான் உன் வீட்டுக்கு வந்திருக்கு என்றான். பிறகு பாப்பா என்ன மருந்து, எந்த மூலையில், எத்தனை நாளைக்கு ஒருமுறை என்று நிதானமாகச் சொன்னாள். மூன்று வருடம் படித்த பாடம். போன மாதம்தான் அவள் வீட்டில் கடைசியாக ஒழிந்ததாம்.

"ரூமைக் காலி பண்ணிடறேன். நீயும் புள்ளையும் வந்துடுங்க" என்றான் அவன்.

பாப்பாவின் குரல் போனிலிருந்து தெளிவாகவே கேட்டது. "வேணாண்ணா. கோச்சுக்காத. அங்க வந்து ரெண்டு மாசம் இருந்துட்டு, துணியோட பூச்சியையும் மறுபடி எடுத்துட்டுப் போக முடியாது. கூட வேலை செய்ற அக்கா வீட்டு மாடியில ஒரு ரூம் குடுத்திருக்காங்க. நாளைக்குச் சாமான் ஏத்தறோம்."

அப்பாடா என்றிருந்தது அவளுக்கு. அதுதான் முதலில் வந்தது, வெட்கத்துக்கும் முன்னால். பாப்பா வரமாட்டாள். அவள் நினைத்தது நடந்துவிட்டது. காலடியில் நசுங்கிய பூச்சிகளோடு நின்றுகொண்டு தனக்கு நிம்மதியாக இருக்கிறது என்பதை உணர்ந்தபோது, தன்னைவிட அந்தக் கரப்பான்கள்கூட அவ்வளவு அருவருப்பாகத் தெரியவில்லை.

ஒயர்காரர் ஆம்பை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு இறுகக் கட்டி எடுத்துக்கொண்டு போனார். சாயங்காலம் பெரியம்மாவின் போன் வந்தது. படம் பார்க்கத் தனி அறையாமே என்று ஆரம்பித்து, நேராக விஷயத்துக்கு வந்தாள்.

"பாப்பா அங்க வர்றாளாமே? பாத்துடி. அந்தப் பூச்சியெல்லாம் இன்னும் இருக்கா அவ வீட்ல?"

சொல்லிவிடலாம். நான்கே வார்த்தை. எங்க வீட்டுலேர்ந்துதான் போச்சு பெரியம்மா. அவள் வாயைத் திறந்தாள். ஆஸ்பத்திரி வீட்டு ஆம்புக்குள் கூட்டம் கூட்டமாக என்று நாளைக்கு ஊரெல்லாம் சிரிக்கும் சிரிப்பு காதில் கேட்டது.

"இருக்கு பெரியம்மா. அதனாலதான் வேணாம்னுட்டோம்" என்றாள்.

பொய் எச்சில் மாதிரி தானாக ஊறி வந்தது. திரும்பினால் வாசற்படியில் கணவன் நின்றுகொண்டிருந்தான். எவ்வளவு நேரமாக நிற்கிறான் என்று தெரியவில்லை. அவன் முகத்தில் கோபம் இல்லை. பிறர் வாயிலிருந்து எடுத்த ஒன்றைத் தட்டில் பார்க்கும்போது தன் முகம் எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியும். அந்த முகம் அவனிடம் இருந்தது.

அவன் உள்ளே போய்ப் பையை எடுத்தான். சாமான் ஏற்றப் பாப்பாவுக்கு ஆள் வேண்டும் என்றான், சுவரைப் பார்த்து. எத்தனை நாள் என்று கேட்டாள். அவன் பீரோவிலிருந்து சட்டைகளை அள்ளிக்கொண்டு பால்கனிக்குப் போனான்.

அங்கே நின்று, ஒவ்வொரு சட்டையாகத் தோளைப் பிடித்துத் தூக்கி, கைப்பிடிச் சுவருக்கு வெளியே நீட்டி, பலமாக உதறினான். காலர் மடிப்பைப் பிரித்துப் பார்த்தான். பைக்குள் விரல்விட்டுத் துழாவினான். தையல் ஓரத்தை வெளிச்சத்தில் பிடித்தான். பிறகு மடித்து வைத்தான். அடுத்ததை எடுத்தான்.